பிபிசி தலைமை இயக்குநர்கள் ஏன் அடிக்கடி ராஜினாமா செய்கிறார்கள்?

ஒரே நாற்காலியில் இரண்டு வேலை, அதுதான் காரணம். பிபிசியின் தலைமை இயக்குநர் நிர்வாகத் தலைவர் மட்டுமல்ல, தலைமை ஆசிரியரும் அவர்தான். ஏதோ ஒரு நிகழ்ச்சியில் யாரோ செய்த பிழைக்கும் கடைசியில் அவர் தலைதான் உருளும்.

2012-இல் தலைமை இயக்குநராக இருந்த ஜார்ஜ் என்ட்விசில் பட்டது இதுதான். பிபிசியின் 'நியூஸ்நைட்' செய்தி நிகழ்ச்சி பெயர் சொல்லாமல் ஓர் அரசியல்வாதி மீது குற்றச்சாட்டை ஒளிபரப்பியது; இணையத்தில் தவறான ஆளின் பெயர் பரவியது. நவம்பர் 10 காலை, பிபிசியின் சொந்த வானொலியிலேயே நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் ஹம்ப்ரிஸ் என்ட்விசிலைக் குடைந்தெடுத்தார். நிகழ்ச்சி ஒளிபரப்பான விஷயமே மறுநாள்தான் தெரியும் என்றார் என்ட்விசில். அன்று இரவே ராஜினாமா. பதவியில் இருந்தது 54 நாள். தன் முதலாளியையே இப்படி விசாரிக்க விடும் நிறுவனத்தை நம்மூரில் காட்டுங்கள் பார்ப்போம்!

சரி, பிரிட்டன் அரசு தலைமை இயக்குநரை நீக்க முடியுமா? நேரடியாக முடியாது, நியமிப்பதும் நீக்குவதும் பிபிசியின் வாரியம். ஆனால் வாரியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும், டி.வி. பார்க்க மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணம் எவ்வளவு என்று தீர்மானிப்பதும் அரசுதான். 2004-இல், ஈராக் போர் பற்றிய பிபிசி செய்தியைக் கண்டித்த ஹட்டன் விசாரணை அறிக்கை வந்த மறுநாளே அப்போதைய தலைமை இயக்குநர் கிரெக் டைக் வெளியேறினார். வாரியம் அவர் பக்கம் நிற்கவில்லை. ஊழியர்கள்தான் தெருவில் இறங்கி அவருக்கு ஆதரவு தெரிவித்தார்கள்.