பூனை, பல்லி, ராசிப் பேனா: கேள்வி பதில்

கேள்வி (சேலம் வாசகி): நன்றாகப் படித்தவர்கள்கூடப் பூனை குறுக்கே போனால் நின்றுவிடுகிறார்களே, ஏன் சார்?

பதில்: பூனை குறுக்கே போய்க் காரியம் கெட்ட ஒரு நாள் மனசில் தங்கிவிடும். ஒன்றும் ஆகாத இருபது நாள் மறந்துபோகும். அப்புறம், நின்று போனால் நஷ்டம் ஒரு நிமிடம்தான். நிற்காமல் போய் ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் உறுத்தும். அதனால்தான் நம்பாதவரும் நிற்கிறார்.

பயம் எங்கே முளைக்கிறது என்பதையும் பாருங்கள். முதல் உலகப்போர்க் காலத்தில், நியூ கினி பக்கத்திலுள்ள ட்ரோபிரியாண்ட் தீவுகளில் தங்கிய மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி இதைக் கவனித்தார். காயலில் ஆபத்தில்லை, மீனும் நிச்சயம். அங்கே மந்திரம் கிடையாது. ஆழ்கடலுக்குப் போகும்போது சடங்குக்கு மேல் சடங்கு. விளைவு கைக்குள் இல்லாத இடத்தில் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளும். இதற்காக யாரையும் கேலி செய்யாதீர்கள்.

கேள்வி: தோளில் பல்லி விழுந்தால் என்ன பலன்?

பதில்: பலன் சொல்வது என் துறை இல்லை. பஞ்சாங்கத்தில் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): பத்தாவது படிக்கும் மகன் ராசிப் பேனாவை விடமாட்டேன் என்கிறான். பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். நான் மேற்பார்வைக்கு நின்ற தேர்வு ஹாலில் ஒரு பையன், மூடி உடைந்து ரப்பர் பேண்டு சுற்றிய பேனாவோடு வந்தான். பாதியில் மை தீர்ந்தது. நான் கொடுத்த பேனாவை வாங்காமல் அதையே உதறி உதறி எழுதப் பார்த்தான், விரலெல்லாம் நடுங்கியது. வீட்டில் இரண்டு மூன்று பேனாவில் எழுதிப் பழக்குங்கள், போதும். ஆனால் கை கழுவுவது, எண்ணுவது என்று மணிக்கணக்கில் போனால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (மதுரை): மூடநம்பிக்கைக்கு உளவியலாளர் ஸ்கின்னரின் புறாக்களைப் போன முறை உதாரணம் காட்டினீர்கள். அதை 1971-லேயே கேள்வி கேட்டுவிட்டார்களே!

பதில்: நியாயமான கேள்வி. 1948-ல் ஸ்கின்னர், புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஏதோ ஒரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது, ஒன்று கூண்டின் மூலையில் தலையை முட்டியது. தற்செயலாகச் செய்ததைத் தீனிக்குக் காரணமாக்கிக்கொண்டன என்றார். 1971-ல் ஸ்டாடன், சிம்மல்ஹாக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, தீனி வரும் நேரத்தில் பெரும்பாலும் எல்லாப் புறாக்களும் ஒரேபோலக் கொத்தத்தான் செய்தன. அது பசித்த பறவையின் இயல்பு. ஆகவே புறாவை வைத்து மனிதருக்கு முழு விளக்கம் சொன்னது என் அவசரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தற்செயலைக் காரணமாக எடுத்துக்கொள்வது மனிதரிடம் உண்டு. அதில் நான் மாறவில்லை.

கேள்வி: வெள்ளைப் பூனை போனால்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இன்று எனக்கு வந்த கேள்விகளில் இது நான்காவது பூனை.

கேள்வி (தஞ்சாவூர்): குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். திருஷ்டி என்கிறார் மாமியார். சுற்றிப் போடலாமா?

பதில்: அம்மா, மிளகாய் சுற்றிப் போட இரண்டு நிமிடம் ஆகும். அவர் மனசுக்காகச் செய்யுங்கள். செய்துவிட்டு இன்றைக்கே, இப்போதே, குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.