மாடி அறைக்கு மட்டும் ஏன் காற்று வருவதில்லை?

கேள்வி: டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். கராஜுக்கு மேலே உள்ள மாடி அறையில் ஏசி காற்று பெயருக்குத்தான் வருகிறது. மற்ற அறைகள் நன்றாகக் குளிர்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் அந்த அறையில்தான் தங்கியிருக்கிறார். வந்து பார்த்த மெக்கானிக், இன்னும் பெரிய ஏசி போடச் சொல்கிறார். போடலாமா?
(ஒரு வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. மற்ற அறைகள் குளிர்கின்றன என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மெஷின் தன் வேலையைச் செய்கிறது, காற்று வழியில்தான் சிக்கிக்கொள்கிறது. அதே டக்ட்டில் (காற்று போகும் குழாயில்) பெரிய ஏசியை மாட்டினால் சத்தம் கூடும், கரண்ட் பில் கூடும், அந்த அறை அப்படியேதான் இருக்கும்.

அட்டிக்கில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடத்தில், ஏறுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அறையின் காற்று வென்ட் முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்தும் மூடியும் பாருங்கள். மூடியதும் பேப்பர் தொய்ந்தால், உள்ளே வந்த காற்று திரும்பிப் போக வழியில்லை என்று அர்த்தம். காற்று மெஷினுக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் கிரில் பல வீடுகளில் அறைகளுக்கு வெளியே உள்ள நடையில் மட்டும்தான் இருக்கும். மாமியார் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர் என்றால் இதுவே பாதிக் காரணம். கதவின் அடிப்பகுதியைக் கொஞ்சம் அறுத்துவிடலாம், அல்லது கதவுக்கு மேலே ஒரு கிரில் வைக்கலாம். ஃபில்டரையும் பாருங்கள். அலர்ஜிக்கு நல்லதென்று ஒரு அங்குல ஃபில்டரில் மெர்வ் 13 (மெர்வ் என்பது தூசி வடிகட்டும் திறனின் அளவு) போட்டிருந்தால், வீடு முழுக்கவே காற்று குறையும்.

அப்புறம் அட்டிக். கோடையில் அங்கே 130 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், அதனால் ஏறுகிறவரை விடியற்காலையில் ஏறச் சொல்லுங்கள். மாஸ்க், தலையில் கட்டும் டார்ச் இரண்டும் வேண்டும். மரச் சட்டங்களின் மேல்தான் கால் வைக்க வேண்டும். தவறினால் சீலிங் உடைந்து கால் கீழே தொங்கும்.

அங்கே மெஷினிலிருந்து உங்கள் அறைவரை போகும் வெள்ளி நிற ஃபிளெக்ஸ் டக்ட்டை (வளையும் குழாயை) அடிமுதல் நுனிவரை தடவிக்கொண்டே போக வேண்டும். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். இது 25 அடி நீளத்தில் பெட்டியாக வரும். 18 அடி போதும் என்ற இடத்திலும் மீதியை வெட்டாமல் வளைத்துப் போட்டுவிடுகிறார்கள். இழுத்துக் கட்டாத ஃபிளெக்ஸில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறை கொசுவம் வைத்த மாதிரி மடிந்து நிற்கும். காற்று ஒவ்வொரு மடிப்பிலும் மோதிக்கொண்டுதான் போக வேண்டும். மிச்சத்தை வெட்டிவிட்டு விறைப்பாக இழுத்து, நாலு அடிக்கு ஒரு பட்டையால் தாங்கினால் போதும். ஒரு அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. பட்டை ஒன்றரை அங்குலமாவது அகலமாக இருக்கட்டும், மெல்லிய கயிறு டக்ட்டை நெரித்துவிடும். சீலிங்குக்குள் இறங்கும் கடைசி வளைவை அவசியம் பாருங்கள், அங்கேதான் அதிகம் மடங்கும். கொலு பொம்மைப் பெட்டியை யாராவது டக்ட் மேல் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

டக்ட் ஆரம்பிக்கும் இடத்தில் டாம்பர் (காற்றைத் திறந்து மூடும் தகடு) கைப்பிடி இருந்தால், அது டக்ட்டின் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கே திரும்பியிருந்தால் மூடியிருக்கிறது. இணைப்பு கழன்று குளிர்காற்று அட்டிக்குக்குள் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஒட்டுவதற்குத் துணி டக்ட் டேப் வேண்டாம், பெயர்தான் அப்படி. 1998-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சோதித்தபோது சூட்டில் அதுதான் முதலில் கைவிட்டது. மாஸ்டிக் (டக்ட் இணைப்பை அடைக்கும் பசை) பூசுங்கள், அல்லது யூஎல் 181 (டக்ட்டுக்கான பாதுகாப்புத் தரம்) என்று அச்சிட்ட ஃபாயில் டேப் வாங்குங்கள்.

மற்ற அறை வென்ட்களை மூடி இந்த அறைக்குக் காற்றைத் தள்ளும் யோசனை வேண்டாம். ரொம்ப மூடினால் மெஷினுக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது டக்ட்டுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு 0.5 அங்குல நீர் அளவு (காற்றழுத்தத்தின் அலகு) வரைதான் கணக்கு. அதற்கு மேல் ஏறியிருந்தால் ரிட்டர்ன் டக்ட் போதவில்லை என்று முதலில் சந்தேகப்படலாம். மீட்டரை எடுக்காமலே புது ஏசிக்கு விலை சொல்கிறவர் என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.