டவுன் பஸ் எந்த வருஷம் வந்தது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊருக்கு டவுன் பஸ் எந்த வருஷம் வந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள். ஊர் வரலாறு எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: பெரியவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஒருவர் தனியார் பஸ் ஓடிய காலத்தைச் சொல்வார், இன்னொருவர் அரசு பஸ் வந்ததைச் சொல்வார். அதுவரை கூட்ரோட்டோடு திரும்பிக்கொண்டிருந்த வண்டி ஊருக்குள் வந்த நாள்தான் மூன்றாமவருக்குக் கணக்கு. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அடுத்து, பஸ் நம்பரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். ஒரு தடம் நின்றுபோனால் அதன் நம்பரை வேறு தடத்துக்குக் கொடுப்பதுண்டு. கிளை பிரிந்தால் பின்னால் ஏ, பி என்று ஓர் எழுத்து சேரும். காகிதத்தில் ஒரு தடத்தின் அடையாளம் புறப்படும் இடம், சேரும் இடம், போகும் வழி ஆகிய மூன்றும்தான். இவை பர்மிட்டில் இருக்கும். பர்மிட்டைக் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அதிகார அமைப்பு. நம் மாநிலத்தில் அதற்குத் தலைமை மாவட்ட ஆட்சியர், செயலாளர் ஆர்.டி.ஓ. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். ஆகவே ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தல் கோப்பு உருவாகும். முதல் பர்மிட் கிடைக்காவிட்டாலும், பழைய புதுப்பித்தல் உத்தரவு ஒன்று கிடைத்தால் அதிலிருந்து பின்னோக்கிப் போகலாம்.

அந்தச் சட்டத்தின் 80(3) பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் வழியை மாற்றினால் இரு முனைகளும் மாறக் கூடாது. முனையிலிருந்து நீட்டினால் 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் தடத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த நீட்டிப்பு உத்தரவுகளின் வரலாறாகத்தான் இருக்கும். தேதி, தூரம், ட்ரிப் எண்ணிக்கை மூன்றும் அவற்றில் உண்டு.

கட்டண அட்டவணையும் கேட்டு வாங்குங்கள். முக்கோண வடிவில், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் (கட்டணம் மாறும் இடம்) எவ்வளவு என்று போட்டிருக்கும். வெவ்வேறு ஆண்டுகளின் இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் ஒரு வரிசை கூடியிருந்தால் நீட்டிப்பு. நடுவில் ஒரு பெயர் நுழைந்து, அதற்குக் கீழே உள்ள ஸ்டேஜ் எண்களெல்லாம் ஒன்று தள்ளியிருந்தால் வழி மாறியிருக்கிறது, அல்லது புது ஸ்டேஜ் பிரித்திருக்கிறார்கள். மொத்த தூரம் மாறாமல் இருந்தால் இரண்டாவதுதான்.

மிகப் பழைய தாளில் தூரம் மைல், பர்லாங்கில் இருக்கும். ‘மைல் 5/6’ என்றால் 5 மைல் 6 பர்லாங். 8 பர்லாங் ஒரு மைல், ஆகவே அது 9.25 கிலோமீட்டர். ஐந்துக்கு ஆறு என்று பின்னமாகப் படித்தால் கணக்கு முழுவதும் கெடும். சாலை எண்களும் மாறியிருக்கின்றன: பழைய தேசிய நெடுஞ்சாலை (என்.எச்.) 7 இன்று 44, கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் வரை பழைய என்.எச். 66 இன்று 77.

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ‘ஆவணம் ஏதும் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: மனு சரியான ஊருக்குப் போனதா என்று முதலில் பாருங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல். அதற்கு முன் தருமபுரி மாவட்டம். தருமபுரியே 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1980-ல் நீட்டிய தடத்தின் மாவட்டக் கோப்பைத் தருமபுரியில் தேட வேண்டும், 1960-ல் ஓடியதைச் சேலத்தில். வேறு அலுவலகத்துக்கு உரிய மனு என்றால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே அங்கு அனுப்பியிருக்க வேண்டும். அதை மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது, கேள்வியின் வடிவம். ‘எங்கள் ஊருக்கு பஸ் ஏன் நிறுத்தப்பட்டது?’ என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டத்தில் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இப்படிக் கேளுங்கள்: ‘இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு, இன்ன ஊர் வழியாகச் செல்லும் நகரப் பேருந்துத் தடத்தின் பர்மிட், நீட்டிப்பு உத்தரவுகள், நேர அட்டவணை, கட்டண அட்டவணை ஆகியவற்றின் நகல்.’ ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கம் ரூ.2. எந்தக் கோப்பு என்று தெரியாதபோது நகல் கேட்பதைவிட நேரில் பார்வையிட அனுமதி கேட்பதே நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அந்த நேரத்தில் கோப்பு எண்களை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, தேவையானதற்கு மட்டும் பிறகு நகல் கேளுங்கள்.

காலம் முடிந்து அழித்துவிட்டதாகச் சொன்னால், அழித்த பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் கேளுங்கள். கோப்பின் தலைப்பும் ஆண்டும் கிடைத்தாலே வரலாற்றுக்குப் பெரிய உதவி. பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிடுங்கள்.

கேள்வி: பழைய புத்தகத்துக்குள் ‘அன்னை சத்யா’ என்று அச்சிட்ட பஸ் டிக்கெட் இருந்தது. எந்தக் காலத்தது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: 1987-க்கும் 1997-க்கும் இடையில். சேலத்தில் 1973-ல் தொடங்கிய அண்ணா போக்குவரத்துக் கழகத்திலிருந்து பிரித்து, தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு 1987-ல் அமைத்தது அன்னை சத்யா. 1997-ல் எல்லாக் கழகங்களின் பெயரும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று மாறியது. அன்னை சத்யா பின்னர் சேலத்தோடு சேர்ந்து இப்போது தருமபுரி மண்டலமாக இருக்கிறது. டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொகை தெரிகிற மாதிரி இருபுறமும் படம் எடுத்துவையுங்கள். அந்தக் காலக் கட்டண அட்டவணை கிடைத்தால் ஆண்டை இன்னும் நெருக்கிச் சொல்லலாம்.

கேள்வி: மொரப்பூர் – தருமபுரி பஸ் பழைய ரயில் போன வழியில்தான் போகிறதா?
– வாசகர், மொரப்பூர்

பதில்: மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை வந்தது. பிறகு ஓசூர் வரை நீண்டு, 1941-ல் மூடப்பட்டது. சாலையும் அதுவும் எங்கே சேர்ந்தன, எங்கே பிரிந்தன என்பதை ஊகிக்க வேண்டாம். கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் ரயில்வே புறம்போக்கு என்று நீளமாக ஒரு பட்டை போகிறதா என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பாருங்கள்.

கேள்வி: ஒரே ரோட்டில் ஒரு பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை, அடுத்த பஸ்ஸில் வாங்குகிறார்கள். ஏன்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: 2021 மே 8 முதல் கட்டணமில்லாப் பயணம் இருப்பது அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில். தனியார் டவுன் பஸ்ஸுக்கும் புறநகர் பஸ்ஸுக்கும் அது கிடையாது. எந்த ரோடு என்பதல்ல, அந்த வண்டி எந்த வகையில் ஓடுகிறது என்பதே கணக்கு. கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த டிக்கெட்டை வைத்துத்தான் பயணி எண்ணிக்கை ஏறும். அது குறைவாகத் தெரிந்தால் ட்ரிப்புக்கே ஆபத்து.

கேள்வி: எங்கள் ஊரில் நைட் ஹால்ட் ஆகி, விடியற்காலையில் புறப்படும் பஸ் நின்றுவிட்டது. சந்தைக்குத் தக்காளி கொண்டுபோக முடியவில்லை. மீட்க வழி உண்டா?
– வாசகர், இராயக்கோட்டை

பதில்: உண்டு. ‘பஸ் வேண்டும்’ என்று பொதுவாக மனு எழுதினால் அது புது பஸ் கோரிக்கைகளின் குவியலில் சேர்ந்துவிடும். ‘ஓடிக்கொண்டிருந்த ட்ரிப் நிறுத்தப்பட்டது’ என்று எழுதி, டிப்போ, தடம், புறப்படும் நேரம், நின்ற மாதம் நான்கையும் குறிப்பிடுங்கள். பழைய நேர அட்டவணையின் நகலை இணையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதையும் சேர்த்து, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு நகல் கிளை மேலாளருக்கு, இன்னொன்று தருமபுரி மண்டலப் பொது மேலாளருக்கு.

மறுப்புக்கு வழக்கமான காரணங்கள் ஆள் பற்றாக்குறை, டிரைவர் கண்டக்டர் படுக்க இடமும் கழிப்பறையும் இல்லாதது, வண்டி திருப்ப முடியாதது. பின்னிரண்டையும் ஊரே சரிசெய்யலாம். பெரிய பஸ் ஒரே வீச்சில் திரும்ப 20 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். தாழ்ந்த கம்பியும் கிளையும் இருக்கக் கூடாது. இரவில் தங்க ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறையும் கழிப்பறைச் சாவியும் கொடுப்பதாகத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ரோடு அகலம் போதவில்லை என்றால் 2024 மினி பஸ் திட்டத்தில் கேட்கலாம். அதில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், ஆனால் 65 விழுக்காடாவது இதுவரை பஸ் போகாத வழியாக இருக்க வேண்டும்.