நர்ஸிங் முடித்த பெண்ணுக்கு ‘டாக்டர் வாட்ச்’ பரிசளிக்கலாமா? அதிலுள்ள நாடி அளவுகோலால் பயன் உண்டா?

தாராளமாகப் பரிசளியுங்கள். ஆனால் முகப்பில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். அதைப் படிக்காமல் கையில் கட்டிக்கொண்டு, ஒரு மனிதரின் நாடியை இரண்டு மடங்காக எழுதிவைத்தவன் நான்.

சொந்த ஊர் கீழக்கரை. ராமநாதபுரம் கடற்கரையோரம் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஆண்களிலும் செவிலியர் உண்டு என்பதை எங்கள் ஊர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் நான் கம்பவுண்டர்தான். என் மகளின் நிக்காஹ் பத்திரிகையில்கூட அப்படியே அச்சாகி வந்தது. திருத்தச் சொன்னதற்கு அச்சகத்துக்காரர், “இரண்டும் ஒன்றுதானே?” என்றார். அது கிடக்கட்டும்.

துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள், உள்ளே மூன்று குட்டி வட்டங்கள், விளிம்பு முழுக்க எண்கள். “டாக்டர் வாட்ச் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்” என்றார். எனக்கு முறை தெரியும். பயிற்சிக் காலத்தில் ஒரு மருத்துவர் கையில் பார்த்திருந்தேன். நாடியில் விரலை வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். முப்பது துடிப்பு எண்ணி மறுபடி அழுத்தினால், முள் நிற்கும் இடத்திலுள்ள எண்தான் நிமிடத் துடிப்பு. 24 நொடி ஆனால் 75. நாம் பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்.

மறுநாளே சங்கு குளிக்கும் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் காது அடைப்பு என்று வந்தார். முப்பது எண்ணினேன், முள் 112-இல் நின்றது, சீட்டில் எழுதினேன். புதிதாக வந்திருந்த பெண் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, ஈ.சி.ஜி. எடுக்க ராமநாதபுரத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். காக்கா சிரித்தார். “தம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் சங்கு தேடுகிறவன் நான். நெஞ்சு இப்படி ஓடினால் என்றைக்கோ அங்கேயே கிடந்திருப்பேன்.” மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினார். 56. என்னுடையதில் சரிபாதி.

இரவு வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு விளிம்பைப் படித்தபோதுதான் புரிந்தது: ‘டாக்கிமீட்டர்’ என்று இருந்தது. அது வண்டியின் வேகம் பார்க்கும் அளவுகோல். ஒரு கிலோமீட்டரை 36 நொடியில் கடந்தால் முள் 100-ஐக் காட்டும். அதாவது 3600-ஐ நொடியால் வகுத்த எண்கள். முப்பது துடிப்புக்கான நாடி அளவுகோலில் 1800-ஐ வகுத்திருப்பார்கள். அதனால்தான் அச்சடித்தாற்போல் இரண்டு மடங்கு. முப்பதுக்குப் பதில் அறுபது துடிப்பு எண்ணினால் இதே கடிகாரம் சரியான விடை சொல்லும். ஆனால் என்னுடையதில் எண்கள் 60-உடன் முடிந்துவிடுகின்றன. 56 துடிப்புள்ள காக்காவுக்கு அந்த வித்தையும் பலிக்காது.

ஆகவே, உண்மையான நாடி அளவுகோலா என்று பாருங்கள். அதன் அருகே 15 என்றோ 30 என்றோ அச்சிட்டிருப்பார்கள். அத்தனை துடிப்புதான் எண்ண வேண்டும். பதினைந்து அளவுகோலில் முப்பது எண்ணினால் பாதியாகக் காட்டும். இன்னொன்று, பொத்தானை அழுத்தும் துடிப்பு பூஜ்யம், அடுத்ததுதான் ஒன்று. இதில் தவறினால் பதினைந்து அளவுகோலில் 70 இருக்க வேண்டியது 75 ஆகிவிடும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் அளவுகோலை மறந்துவிட்டு முழு நிமிடம் எண்ண வேண்டும்.

சில கடிகாரங்களில் மூச்சை அளக்கவும் தனியாக ஓர் அளவுகோல் உண்டு. ஐந்து மூச்சுக்கு 15 நொடி ஆனால் 20 என்று காட்டும். பெரியவர்களுக்குச் சரி, கைக்குழந்தைக்கு அதை நம்ப வேண்டாம். குழந்தையின் மூச்சு ஒரே சீராக வராது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு என்று கணக்கு. சளியோடு வரும் பிள்ளைக்கு நிமோனியாவா என்று சந்தேகிக்க வைக்கும் எண் இது. நெஞ்சைப் பார்த்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் உட்காரத்தான் வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கடலிலிருந்து ஏறிவந்தவரின் சில்லிட்ட விரலில் அதை மாட்டிப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்துப் பார்க்கும் நாடியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அதற்காகவும் சண்டைக்கு வர வேண்டாம். 1707-லேயே ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் நாடி எண்ணுவதற்கென்று ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் செய்வித்தார். இன்றைய செவிலியருக்கும் நொடிமுள் உள்ள சாதாரணக் கடிகாரமே போதும். அளவுகோல் ஓர் அழகான வசதி, அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கைகழுவும் சுத்தத்துக்காக மணிக்கட்டில் எதுவுமே கட்டக் கூடாது என்கிற மருத்துவமனைகள் உண்டு. அங்கே சட்டையில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம்தான் உதவும். துபாயில் யாரிடமாவது சொல்லி வாங்குவதாக இருந்தால், என் மச்சானிடம் மட்டும் சொல்லாதீர்கள். வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் அந்த வாட்ச்சின் விலையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.