அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பாலில் பிட்சிங் பயிற்சியாளர்: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பால் அணிகளில், பந்தெறியும் பிட்சர்களை மட்டும் பொறுப்பில் வைத்திருக்கும் பயிற்சியாளரின் தொழிலைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கிரிக்கெட் பயிற்சியாளர் ஒருவர்: எங்கள் ஆட்டத்திலும் பந்துவீச்சுப் பயிற்சியாளர் உண்டு, ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் அவருக்குப் பெரிய வேலை இல்லை. பேஸ்பாலில் மட்டும் ஏன் இத்தனை முக்கியத்துவம்?

ஆட்டம் தொடங்கிய பிறகுதான் இவருடைய வேலையில் பாதி தொடங்குகிறது. அடுத்த பந்து நேர்வேகப் பந்தா, பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரா, வேகம் குறைந்து ஏமாற்றும் சேஞ்ச்-அப்பா, அடிப்பவரின் உடலுக்கு நெருக்கமாகவா விலகியா என்பதைக் கல்லூரி அணிகள் பெரும்பாலானவற்றில் பிட்சரோ, பந்தைப் பிடிக்கும் கேட்சரோ முடிவு செய்வதில்லை. டக்-அவுட்டில் (மைதான ஓரத்தில் அணி அமரும் இடம்) நிற்கும் பயிற்சியாளரே ஒவ்வொரு பந்துக்கும் சொல்கிறார். முன்பெல்லாம் அவர் விரல்களால் எண்ணைக் காட்ட, கேட்சர் தன் மணிக்கட்டில் கட்டிய அட்டையைப் பார்த்து அந்த எண் எந்தப் பந்தைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்வார். 2022 பருவத்திலிருந்து இதைக் கேட்சருக்குச் சொல்ல ஒருவழி மின்னணுக் கருவியைப் பயன்படுத்த, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. ஆகவே பந்து தவறான இடத்தில் விழுந்தால் பிட்சரின் பிழை, தவறான பந்தைக் கேட்டிருந்தால் பயிற்சியாளரின் பிழை. ஆனால் புள்ளிவிவரத்தில் பதிவாவது பிட்சரின் பெயர் மட்டுமே.

இன்னொரு காரணம் வாரத்தின் அமைப்பு. முதல் பிரிவுக் (கல்லூரி விளையாட்டின் உச்ச நிலை) கல்லூரி அணி வழக்கமான பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணியோடும், வார நடுவில் ஓர் ஆட்டம் வேறோர் அணியோடும் நடக்கும். அணியின் முதன்மைப் பிட்சர் வெள்ளிக்கிழமை இறங்குவார்; அவர் மீண்டும் தொடக்கப் பிட்சராக வருவது அடுத்த வெள்ளிக்குத்தான். இடைப்பட்ட ஆறு நாள்களில் அவர் எப்போது ஓய்வெடுப்பது, எப்போது இலேசாக எறிவது, மீதி ஆட்டங்களின் இன்னிங்ஸ்களை மற்றவர்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் இவர் கணக்கு.

உடற்கல்வி மாணவர்: இந்த வேலைக்கு எப்படி வருகிறார்கள்? பெரிய லீக்கில், அதாவது தொழில்முறைப் பேஸ்பாலின் உச்ச நிலையில், ஆடியிருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வெஸ் ஜான்சன் அர்கன்சா மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணியைப் பயிற்றுவித்தவர். சிறிய கல்லூரிகள், டல்லஸ் பாப்டிஸ்ட், மிசிசிப்பி ஸ்டேட் எனப் படிப்படியாக அர்கன்சா பல்கலைக்கழகத்தை அடைந்தார்; அந்த அணி 2018-இல் தேசிய இறுதி வரை சென்று ஒரெகன் ஸ்டேட்டிடம் தோற்றது. அதே ஆண்டின் இறுதியில் மினசோட்டா ட்வின்ஸ் அவரை நேரடியாகப் பெரிய லீக்கின் பிட்சிங் பயிற்சியாளராக அமர்த்தியது. கல்லூரியிலிருந்து இடையில் படி எதுவும் இல்லாமல் அந்த இடத்துக்குத் தாவுவது மிக அரிது. டெரெக் ஜான்சன் (இவருக்கும் அவருக்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்) போனது வேறு வழி: வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்து, பெரிய லீக் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் 2007-இல் முதல் வீரராகத் தேர்வான டேவிட் பிரைஸ் போன்றோரை உருவாக்கி, பிறகு சிகாகோ கப்ஸின் கீழ்நிலை அணிகள் வழியாக மில்வாக்கி, சின்சினாட்டி நகரங்களின் பெரிய லீக் அணிகளுக்குச் சென்றார்.

இந்த ஏணியின் அடிப்படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜூலை வரை முதல் பிரிவு பேஸ்பால் அணிகளில் 'தன்னார்வத் துணைப் பயிற்சியாளர்' என்றொரு பதவி இருந்தது. முழுநேர வேலை, ஆனால் கல்லூரி தரும் சம்பளம் கிடையாது. கோடைக்கால முகாம்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி தந்து ஈட்டியதைக் கொண்டு பலர் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளினார்கள். விதி மாறியதும் அது சம்பளம் தரக்கூடிய பதவியாயிற்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே நுழையக்கூடிய ஒரு வாசலை இவ்வளவு காலம் திறந்து வைத்திருந்தது நியாயமே அல்ல என்பது என் கருத்து.

மூவர் கேட்டது: பெரிய லீக்கை எட்டிய வெஸ் ஜான்சன் ஏன் கல்லூரிக்குத் திரும்பினார்?

2022 பருவத்தின் நடுவிலேயே ட்வின்ஸை விட்டு அவர் லூசியானா ஸ்டேட்டுக்குப் போனது பலரையும் வியக்க வைத்தது. பெரிய லீக்கில் 162 ஆட்டங்கள். அவற்றில் பாதி வெளியூர்களில். தென்கிழக்குக் கூட்டமைப்பு என்ற கல்லூரி அணிகளின் குழுவில் உள்ள பெரிய கல்லூரிகளோ பெரிய லீக்கோடு போட்டியிடும் அளவுக்குச் சம்பளம் தருகின்றன. அதைவிட முக்கியமாக, தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குப் போகும் வழி கல்லூரியில்தான் நீளம் குறைவு: 2023 ஜூனில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது.

மென்பொருள் துறையினர் ஒருவர்: இப்போது எல்லாம் தரவுதானே? கணிதம் தெரிந்தால் போதுமா?

போதாது. டிராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அது காற்றில் எத்தனை அங்குலம் விலகியது என்பதையும் உடனே சொல்லிவிடும். அதிவேகக் கேமரா பந்து விரலை விட்டு நழுவும் கணத்தையே காட்டும். அந்த எண்களில் எதைப் பத்தொன்பது வயதுப் பையனிடம் சொல்லலாம், எதைச் சொன்னால் குழம்புவான் என்பது கருவிக்குத் தெரியாது.

இந்தியாவிலிருந்து யாராவது இந்தத் துறையைத் தொட்டிருக்கிறார்களா?

பயிற்சியாளராக இல்லை, பயிற்சி பெற்றவர்களாக இருவர். ஈட்டி எறிதலில் தேறியிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-இல் இந்தியாவில் நடந்த வேக எறிதல் போட்டியில் தேர்வாகி, கலிபோர்னியாவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதம் பயின்று, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பெரிய லீக் அணியின் நிறுவனத்தில் ஒப்பந்தமானார்கள்.

டெக்சாஸில் வசிக்கும் தாய் ஒருவர்: பதினாறு வயது மகன் நன்றாக எறிகிறான். கல்லூரிகள் பேசத் தொடங்கியுள்ளன. கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பயிற்சியாளர்களை எப்படி எடைபோடுவது?

உங்கள் பயம் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். முழங்கையின் உட்புறம் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணைப்பு நார் ஒன்று உண்டு. ஒவ்வொரு வேக எறிதலிலும் பெரும் இழுவிசை அதன்மேல் விழுகிறது. அது அறுந்தால் உடலின் வேறிடத்துத் தசைநாரை எடுத்து வைத்துச் சீரமைப்பார்கள். 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்ததால் ஜானின் பெயரே அந்த அறுவைக்கு நிலைத்துவிட்டது. அதற்குப் பின் அவர் 164 வெற்றிகள் பெற்றார் என்பது உண்மை. ஆனால் மீண்டும் ஆட்டத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதும், எல்லாரும் பழைய நிலைக்கு வருவதில்லை என்பதும் உண்மையே. வளரும் வயதில், மேற்பார்வை இல்லாமல், வேகத்துக்காக எடை கூட்டிய பந்துகளை எறிய விடாதீர்கள்.

நல்ல பயிற்சியாளருக்கும் சோதனை வருகிறது. 2023 தேசியத் தொடரில், ஒமாஹாவில், லூசியானா ஸ்டேட்டின் பால் ஸ்கீன்ஸ் வேக் ஃபாரஸ்டுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் எறிந்து 120 பந்துகளைத் தொட்டார். பத்தொன்பது முதல் இருபத்திரண்டு வயதினருக்கு 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற, எறியும் பந்துகளுக்கு வரம்பு சொல்லும் வழிகாட்டி ஒரு நாளைக்குச் சொல்லும் உச்சவரம்பும் அதுவே. அந்தப் பருவத்தில் 209 பேரைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றியிருந்த (ஸ்ட்ரைக்-அவுட்) அவரை மூன்று ஆட்ட இறுதிச் சுற்றில் மறுபடி இறக்க வேண்டும் என்று கேட்காத ரசிகர் இல்லை. இரண்டாம் இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் 24-4 என்று தோற்றபின் அந்தக் குரல் இன்னும் உரத்தது. ஆனால் மறுநாள் முடிவு ஆட்டத்தில் பிட்சர் நின்று எறியும் மேட்டில் அவர் ஏறவே இல்லை. லூசியானா ஸ்டேட் 18-4 என்று வென்றது. மட்டையாளர்கள் பதினெட்டு ரன் குவித்ததால் அந்தச் சோதனை முற்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வாரங்களில் ஸ்கீன்ஸ் நாட்டின் முதல் தேர்வானார்.

எனவே பார்க்கப் போகும் இடத்தில் கருவிகளையும் கூடங்களையும் காட்டும்போது பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்றைக் கேளுங்கள். கடந்த மூன்றாண்டுகளில் உங்கள் பிட்சர்களில் எத்தனை பேருக்கு அறுவை நடந்தது? வலி இருக்கிறது என்று மாணவன் சொன்னால், அன்று அவன் எறியக் கூடாது என்று தீர்மானிப்பவர் நீங்களா, அணியின் மருத்துவப் பொறுப்பாளரா? ஆட்டப் பருவத்துக்கு முந்தைய இலையுதிர்காலப் பயிற்சியில் எறியும் பந்துகளையும் எண்ணுகிறீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவர்களே அதிகம். காயங்களில் பல அங்கேதான் தொடங்குகின்றன. அந்தப் பயிற்சியாளர் அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்பாரா என்பதை மட்டும் எவரும் உறுதி தர முடியாது, ஆகவே தலைமைப் பயிற்சியாளரிடமும் இதே மூன்றையும் தனியாகக் கேட்டு, இரு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.