பகலில் பெற்ற தகுதி இரவில் செல்லுமா?

கேள்வி: டல்லாஸ் அருகே வசிக்கிறேன், தனியார் விமானி உரிமம் வைத்திருக்கிறேன். அக்டோபர் 4 மாலை, வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 விமானத்தில் மாமனார், மாமியாரை ஏற்றிச் சென்றேன். சூரியன் 7.07-க்கு மறைந்தது, நாங்கள் தரையிறங்கியபோது மணி 8.25. அதற்கு முன் கடைசியாகப் பறந்தது ஜூலை 10 பகலில். அன்று ஐந்து முறை தரையிறங்கினேன். இரவில் தரையிறங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. இது விதிமீறலா? செப்டம்பரில் மூன்று முறை இரவில் இறங்கியதாக, பறந்த விவரங்களைப் பதியும் லாக்புக்கில் எழுதிவிடும்படி நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பர் சொன்னபடி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அமெரிக்க விமான விதிகளின்படி, லாக்புக்கில் பொய்யாகப் பதிவது உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ போதுமான காரணம், நடைமுறையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. பெரும்பாலும் ரத்தையே நாடுகிறது. நீங்கள் செய்த பிழை அத்தனை பெரியதல்ல. அந்தப் பொய் அதைப் பெரிதாக்கிவிடும்.

பயணிகளை ஏற்றும் விமானி, முந்தைய 90 நாட்களுக்குள் அதே வகை, அதே உள்வகை விமானத்தில் மூன்று முறை மேலெழும்பி மூன்று முறை தரையிறங்கியிருக்க வேண்டும் என்கிறது 61.57 பிரிவு. ஜூலை 10 முதல் அக்டோபர் 4 வரை 86 நாட்கள். ஆகவே புறப்பட்டபோது உங்களிடம் குறையில்லை. ஆனால் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்ததிலிருந்து மறுநாள் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரையிலான பொழுதில் பயணிகளோடு பறக்க, அதே பொழுதில் செய்த மூன்று மேலெழும்புதலும், ஓடுபாதையில் முழுமையாக நின்ற மூன்று தரையிறக்கமும் தேவை. விளக்குகளை எரியவிடும் கடமை சூரியன் மறைந்ததுமே தொடங்குகிறது; லாக்புக்கில் இரவு நேரமாகக் கணக்கிடுவது அந்தி வெளிச்சம் முடிந்த பிறகு; பயணிகளுக்கான இந்த விதியோ ஒரு மணி நேரம் தள்ளித்தான் வருகிறது. மூன்றும் வெவ்வேறு என்பதால் கவனமானவர்களே தடுமாறுகிறார்கள். உங்கள் விஷயத்தில் எல்லை 8.07. எனவே கடைசி 18 நிமிடங்கள் விதிமீறல்தான்.

இப்போது செய்ய வேண்டியது, நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு நடந்ததை எழுதி அனுப்புவது. தவறு நடந்த நாளிலிருந்தோ, அது தெரியவந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ 10 நாட்களுக்குள் அனுப்பியிருந்தால், எஃப்.ஏ.ஏ. பின்னாளில் விதிமீறல் என்று முடிவு செய்தாலும் அபராதமோ இடைநிறுத்தமோ விதிக்காது. தவறு வேண்டுமென்றே செய்ததாகவோ, குற்றச்செயல் அல்லது விபத்து சார்ந்ததாகவோ இருக்கக்கூடாது. கடந்த 5 ஆண்டுகளில் உங்கள்மீது விதிமீறல் பதிவாகியிருக்கவும் கூடாது. நீங்கள் ஆறாம் நாளே கேட்டதால் இதை மட்டும் அன்றே மின்னஞ்சலில் தெரிவித்தேன். அடையாளத்தை நீக்கியபின் நாசா திருப்பி அனுப்பும் ரசீதுத் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதுதான் உங்கள் சான்று.

மீண்டும் மாமனார், மாமியாரை இரவில் அழைத்துச் செல்லும் முன், பயணிகள் இல்லாமல் தனியாகவோ, உரிமம் பெற்ற பயிற்றுநருடனோ அந்த மூன்று இரவு மேலெழும்புதல்களையும் தரையிறக்கங்களையும் முடியுங்கள். பயிற்சியின்போது பயிற்றுநரும் மாணவரும் ஒருவருக்கொருவர் பயணியல்லர் என்று எஃப்.ஏ.ஏ. சட்டப் பிரிவு விளக்கியிருக்கிறது. வெறும் துணைக்கு அமரும் நண்பருக்கு அந்த விலக்கு கிடையாது. இரவுத் தகுதியுள்ள நண்பர் தாமே பொறுப்பு விமானியாக இருந்து, கட்டுப்பாடுகளை நீங்கள் மட்டும் இயக்கினால் அந்த இறக்கங்கள் உங்கள் கணக்கில் சேரும். ஆனால் வாடகை ஒப்பந்தமும் காப்பீடும் அதற்கு இடம் தருகின்றனவா என்று முதலில் படித்துப் பாருங்கள். அவை விதியைவிடக் கடுமையாக இருப்பதுண்டு. வெளிச்சம் இருக்கையில் தொடங்கிய முதல் மேலெழும்புதல் கணக்கில் வராது. அந்த மூன்றையும் அன்றிரவே, நடந்தது நடந்தபடி லாக்புக்கில் பதிவு செய்யுங்கள்.