‘ஹலோ’ என்றதும் ஏன் வைத்தார்?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. திருப்பாதிரிப்புலியூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். லிவர்பூல் கால்பந்து டீம் தோற்றாலும் அழுகிறார், ஜெயித்தாலும் அழுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பத்தாவது பரீட்சை எழுதிய லீவில் ஏதோ ஒரு ஃபைனலைக் காட்டி இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் அவர் அண்ணன். 2020 பொங்கல் முடிந்து பாகம் பிரித்ததில் அவர்கள் கொல்லைப்புறம் நாலடி அதிகம் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. 2025 ஜூலையில் அந்த டீமில் ஒருவர் இறந்தபோது இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணனுக்கு போன் போட்டு, அவர் ‘ஹலோ’ என்றதும் வைத்துவிட்டார். டாக்டரிடம் கூட்டிப் போகவா? மேட்ச் பார்க்கக் கட்டும் பணத்தையாவது நிறுத்தவா?
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: கிரிக்கெட்டுக்கு அழும் கணவர், சீரியலுக்கு அழும் மாமியார் என்று இந்தக் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வருகிறது. அழுகையை விடுங்கள் அம்மா. அந்த போனைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு டாக்டருக்குத் தாவிவிட்டீர்களே!

இறந்தவர் யார் என்று கேட்டீர்களா? டியோகோ ஜோட்டா, 28 வயது. கல்யாணமாகி 11 நாள். ஸ்பெயினில் கார் விபத்து. அதே காரில் கூட இருந்து இறந்தவர் ஆந்த்ரே சில்வா, 25 வயது, அவரும் கால்பந்து ஆடியவர். ஜோட்டாவின் கூடப் பிறந்த தம்பி.

இப்போது சொல்லுங்கள், அன்று ராத்திரி உங்கள் வீட்டுத் தம்பி யாரை நினைத்துச் சாப்பிடாமல் கிடந்தார்?

‘ஏதோ ஒரு ஃபைனல்’ என்கிறீர்கள். உங்கள் கணக்குப்படி அது 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்ததாகத்தான் இருக்க வேண்டும். பாதி ஆட்டத்தில் ஏ.சி. மிலான் 3–0 முன்னிலை. அப்புறம் ஆறு நிமிடத்துக்குள் லிவர்பூல் மூன்று கோலையும் திருப்பி, பெனால்டியில் ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. இங்கே மணி மூன்றை நெருங்கியிருக்கும். பாதியில் தூங்கப் போன தம்பியை ‘இருடா’ என்று அண்ணன்தான் உட்கார வைத்திருப்பார். இது என் ஊகம். ஆனால் அண்ணன்மார் அப்படித்தான்.

நீங்கள் பாகம் பிரித்த அதே 2020-ல், ஜூன் மாதம், 30 வருடம் கழித்து அந்த டீம் இங்கிலாந்து லீக் பட்டம் வாங்கியது. ஊரடங்கு நேரம். சின்ன வயதிலிருந்து கூட உட்கார்ந்து பார்த்தவர் சுவருக்கு அந்தப் பக்கம். ஜெயித்தாலும் அழுகிறார் என்று ஆச்சரியப்படுகிறீர்கள்! வேறென்ன செய்வார்?

உங்கள் கணவரையும் நான் விடப் போவதில்லை. போன் போடத் தெரிந்தவருக்கு ‘அண்ணே’ என்று கூப்பிட வாய் வரவில்லை. எங்கோ இருக்கும் டீமுக்குக் கண்ணீர் விடுகிறவருக்கு, நாலடிக் கொல்லைப்புறத்தைத் தாண்ட ஆறு வருடமாகக் கால் வரவில்லை. நாலடியில் என்ன நட்டிருப்பீர்கள், ஒரு முருங்கையா? பாடலீசுவரர் கோயில் ஊரில் இருக்கிறீர்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டு அங்கே கரையேறிய அப்பர், சாமியைத் தாய், தகப்பன் என்றதோடு உடன்பிறந்தவர் என்றும் பாடினார். சொத்தில் பங்கு குறைந்தது என்று உடன்பிறப்பை விடுவது என் கணக்கில் தப்பு. பெரியவர் அதிகம் எடுத்திருந்தாலும் தப்புதான், அதை உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

இன்னொன்று. ‘அவர்கள்’ எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறீர்கள். சண்டை அண்ணன் தம்பிக்குள்ளா, உங்களுக்கும் உங்கள் ஓரகத்திக்கும் நடுவிலா? எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரியும்.

மேட்ச் பணத்தைக் கட்டுங்கள். அடுத்த பெரிய ஆட்டத்துக்கு முன்னால் நீங்களே அந்த அக்காவைக் கூப்பிட்டு, ‘மாமாவை இங்கே பார்க்க வரச் சொல்லுங்கள், டிபன் செய்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவர் ‘ஹலோ’ என்றதும் வைத்துவிடாதீர்கள்.